நாலு எண்ணி அமுக்கிய காது டெஸ்ட்

என் வாழ்க்கையைத் தடதடக்க வைத்த மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நாம் வாசித்துப் பழகிய வடக்குப்பட்டு ஷெட்டில் உன் டிரம்ஸ் அப்படியே கிடக்கிறது. பாடகன் மோகன் வருவதே இல்லை. நான் மட்டும் போய், பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வாசிக்கப் பிடிக்கவில்லையடா. எதுவுமே பிடிக்கவில்லை.

இருபது வருடத்துக்கு முன்னால் நம் கார் கம்பெனி ஆயுதபூஜையில் முதன்முதலாக மேடை ஏறினோமே, நினைவிருக்கிறதா? பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் நீ, பெயின்ட் ஷாப் நான், அசெம்பிளி மோகன். ராக் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? சூப்பர்வைசர் பொரித்தட்டோடு மேடைக்கே வந்துவிட்டார். "இன்னாபா இது கூச்சல்? ஒரு சாமி பாட்டு பாடுங்கபா!" நீ சிரித்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தாய். அதற்கப்புறம் காலை ஏ ஷிப்ட்டாகக் கேட்டு வாங்கி, மதியம் மூன்று மணிக்கெல்லாம் ஷெட்டுக்கு ஓடினோம்.

பிரஸ் மெஷினும் டிரம்ஸும் சேர்ந்து உன் காதைத் தின்றுவிட்டன. நீ என் காலைப் பார்த்துத் தாளம் பிடிக்க ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பாததை உன் மனைவி மலர் திமிர் என்றே நினைத்திருந்தாள். அப்போதுதான் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் காது டெஸ்ட் வந்தது.

"மாட்டினா ஸ்டோர்ஸ்ல தூக்கிப் போட்ருவானுங்க மச்சான்," என்றாய்.

ஸ்டோர்ஸ் என்றால் ஜெனரல் ஷிப்ட், மாலை வரைக்கும். நம் ராக் பேண்டு அதோடு சரி. எனக்கு வந்தது அந்தப் பயம்தான், உன் காதைப் பற்றிய பயம் இல்லை. முதலில் நான் டெஸ்ட் முடித்து வந்து சொல்லிக்கொடுத்தேன்: "சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். மொதல்ல பெருசா வரும். அப்புறம் டெஸ்ட் எடுக்குற அந்தம்மா ஒரே கேப்ல தான் சத்தத்த வுடுது. கேக்கலன்னாலும் நாலு எண்ணு, அமுக்கு."

நீ பாஸ். வருடா வருடம் பாஸ். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே, பாவிகள்.

அன்று சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தாய். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நான் நின்றிருந்தேன். லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பவே இல்லை.

ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? "அவ்ளோ ஹாரன் அடிச்சும் திரும்பல, ஃபுல் தண்ணி போல." பீர் வாடைக்கே மூக்கைப் பிடித்துக்கொள்பவன் நீ! உன் பெயரை எடுத்தாலே உன் மகள் எழுந்து போய்விடுகிறாள். போன வாரம் மலர் என்னைக் கேட்டாள்: "நீங்க தானண்ணா பார்த்தீங்க. குடிச்சிருந்தாரா?"

"தெரியலமா" என்றேன். உனக்கு நான் செய்த மரியாதை அவ்வளவுதான். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். நீ குடிக்கவில்லை, உனக்குக் காது கேட்காது, அதை மறைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று உன் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதற்குப் பிறகு மலர் என்னை அண்ணா என்று கூப்பிடமாட்டாள். கூப்பிட வேண்டாம்.

ஞாயிறு வரைக்குமாவது உன் மச்சான்,
சேகர்