மேசைக்கு அடியில் ஒரு ஸ்டேஷன்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் மகள் வருகிறாள். கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தப் பொம்மை ரயிலோடு உட்கார்ந்துவிடாதீர்கள், மணி அடித்தால் உங்கள் காதில் விழாது.

நேற்று, "ஓடலேன்னாலும் திட்டுற, ஓடினாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற" என்றீர்களே. ரயிலின் பித்தளை எஞ்சினைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டீர்கள். புது மோட்டார் பூனை மாதிரி சத்தமில்லாமல் போகிறது. எல்லாம் சரிதான். பழைய மோட்டார் சாப்பாட்டு மேசைக்கு அடியில், அந்த வளைவில், ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கி நின்றுவிடும். நீங்கள் அசருவீர்களா? "ஸ்டேஷன் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க!" என்று கத்துவீர்கள். அப்போது சின்னவளாக இருந்த மகள் பொம்மைகளை இறக்குவாள், நான் டீ கொண்டு வருவேன்.

நேற்று அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் நின்றேன்.

புதுக் கன்ட்ரோலரில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்றீர்களே. அந்த மேசை வளைவிலேயே நிறுத்துங்கள். அவள் எத்தனை பெரியவளானாலும் முதலில் மேசைக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பாள்.

பி.கு.: டீ பிளாஸ்க்கில் இருக்கிறது. ஸ்டேஷன் வந்த பிறகுதான் குடிக்க வேண்டும்.