பெரட்டு பாட்டில் என் ஈ மைனர்

நவ. 3, திங்கள்

காலையில் வெயில், சொல்லி வைத்த மாதிரி நாலு மணிக்கு மழை. கூரை ஓரத் தகரத்தில் இலை அடைத்து, தண்ணீர் நேராக என் செருப்பின் மேல். ஏணி பக்கத்து வீட்டில். கேட்க மனமில்லை. போன தடவை கேட்டதற்கு அந்த ஆள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கணேசன் போன். விழாக் குழுச் செயலாளர். எந்த விழா என்றாலும் இவர்தான் செயலாளர்.

"சேவியர் சார், எட்வின் அண்ணன் வராரு லா. இருபத்தி ரெண்டாம் தேதி நம்ம ஊருல ஷோ. மலர் ஒன்னு போடுறோம். அவரோட இசையப் பத்தி ரெண்டு பக்கம் நீங்கதான் எழுதணும். கூட வாசிச்சவரு, படிச்சவரு."

கூட வாசிச்சவரு. என் இளமை முழுவதும் இரண்டு சொல்லில் முடிந்தது.

"இன்னொன்னு சார். பெரட்டு பாட்டுக்கு மட்டும் பழைய ஆளுங்க மூனு பேரும் மேடையில நிக்கணுமாம். அண்ணன் ஆசப்படுறாரு."

அண்ணன் ஆசைப்படுகிறார். முப்பது வருடம் கழித்து.

எழுதுகிறேன் என்றேன். காரணம் ஒன்றுதான். அந்தப் பாட்டில் எல்லோரும் வாயைப் பிளக்கும் அந்த இடம் என்னுடையது. இந்தத் தடவை அச்சில் வரட்டும்.

நவ. 4, செவ்வாய்

செனாய் ஊர்த் தொழிற்சாலையில் மூன்று கூட்டம். மூன்றிலும் ஒரே படம், ஒரே அம்புக்குறி. தரக்கட்டுப்பாட்டில் இருபத்தாறு வருடம் இருப்பவனிடம் தரம் என்றால் என்னவென்று விளக்குகிறார்கள்.

மதியம் கென்டீன் ரேடியோவில் பெரட்டு. பாதிச் சோற்றோடு எழுந்தேன்.

மலருக்குக் குறிப்பு:

– எட்வின். பேஸ் கிட்டார். பாட்டு எழுதி, மெட்டும் போடுபவன். தமிழில் ராக் என்றால் இந்த நாட்டில் முதலில் சொல்லும் பெயர். (சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு பேஸ் எது, கிட்டார் எது என்று தெரியாது.)

– ஆரம்பம்: 'எட்டாங்கட்டை' என்ற எங்கள் இசைக்குழு. மூன்று பேர். அவன், டிரம்ஸுக்குக் குணா, கிட்டாருக்கு நான். தெப்ராவ் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் பிராக்டிஸ். பாதிரியார் நல்லவர், காது கொஞ்சம் மந்தம்.

– 'பெரட்டு': எஸ்டேட்டில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பற்றிய பாட்டு. அவன் அம்மா அந்த வரிசையில் நின்றவர். வரிகள் அவனுடையவை. மறுக்கவில்லை.

– அந்த இடம்: பல்லவி முடிவில் ஈ மைனர் என்ற சுரக்கூட்டிலிருந்து டி-க்கு மாற வேண்டும். கிட்டார் மாறாது. ஈ மைனரிலேயே நிற்கும். பேஸ் மட்டும் கீழே சி-க்கு இறங்கும். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம் அது. மாறாமல் நிற்கலாம் என்பது என் யோசனை. நின்றவன் நான்.

– மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினான். பாட்டும் கூடவே ஏறியது.

கடைசிக் குறிப்பை மலரில் போட மாட்டார்கள். போட வைப்பேன்.

நவ. 5, புதன்

அவன் பேட்டி ஒன்றை மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று எழுதப்போவதில்லை.

பேட்டி எடுக்கும் பெண், "அந்த எடம் எப்படி சார் வந்துச்சு?" என்கிறாள். இவன் தாடியைத் தடவிக்கொண்டு, "அது ஒரு தப்புலேர்ந்து வந்தது. நண்பர் ஒருத்தர் கூட வாசிச்சிக்கிட்டு இருந்தாரு" என்கிறான்.

நண்பர் ஒருத்தர்! ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், பட்டப் பெயர் எல்லாம் தெரிந்தவன். என் வீட்டில் நூறு தடவை சாப்பிட்டவன். தப்பு என்று வேறு சொல்கிறான். என் யோசனைக்கு அவன் வைத்த பெயர் தப்பு.

ரெஜினா அடுப்படியிலிருந்து: "மறுபடியும் அதையா பாக்குறீங்க? எனக்கே வசனம் பாடமாயிடுச்சி." பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய மனைவி. வீட்டில் நான் ஒருவன்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் எரிச்சல். எல்லாம் உண்மையாக இருக்கிறது.

எழுதியதன் சாரம். அவன் விரலால் மட்டும் வாசிப்பான். அறுந்தால் தவிர கம்பி மாற்ற மாட்டான். புதுக் கம்பி பல் தேய்ப்பது போலச் சத்தம் போடும் என்பான். ஆம்ப்ளிஃபயர் வாங்க வழியில்லாத நாளில் கிட்டாரின் தலையை அவன் அம்மாவின் மர அலமாரியில் அழுத்திப் பிடித்து வாசிப்பான். அலமாரியே அதிரும். உள்ளே கண்ணாடித் தட்டுகள் கிணுகிணுக்கும். தட்டு சத்தம் கேட்காத அளவுக்கு மெதுவாக வாசிக்கப் பழகினான். அந்த மென்மைதான் இன்றும் அவன் வாசிப்பில். நான் பத்து சுரம் போடும் இடத்தில் அவன் இரண்டு போடுவான், மீதி இடத்தைக் காலியாக விடுவான். அந்தக் காலியிடத்துக்குத்தான் கைதட்டல்.

பாட்டு எழுதுவதும் கீழேயிருந்துதான். முதலில் பேஸ், பிறகு வரி, கடைசியில் மெட்டு. வீடு கட்டுகிற வரிசை. நாங்கள் எல்லோரும் கூரையிலிருந்து ஆரம்பித்தோம்.

ரெஜினா வாங்கிப் படித்தாள். "திட்டி எழுதப் போறேன்னீங்க. இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

"இன்னும் முடியல. கடைசிப் பாரா பாக்கி இருக்கு."

"அதுல அருவாள வைக்கப் போறீங்களா?"

ஆமாம்.

நவ. 8, சனி

ஆதாரம் இல்லாமல் எழுதினால் பொறாமை என்பார்கள். ஆதாரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிராக்டிஸையும் கேசட்டில் பிடித்தோம். பெரட்டு பாட்டை முதன்முதலில் வாசித்த நாளும் அதில் உண்டு. கேசட் என்னிடம்.

பிஸ்கட் டின்னில் கிடைத்தது. மேலே என் கையெழுத்து: 'பெ. முதல்'. பூசணம் இல்லை. முப்பது வருடம் காய்ந்த இடத்தில் வைத்திருந்தேன். ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை, எனக்குத் தெரியுமே.

போட்டுக் கேட்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். குணாவுக்குப் போன்.

"என் பழைய வேன்ல இருக்கு மச்சான். ஏர்கோன் இல்ல, கேசட் பாடும். நாளைக்கு பூச முடிஞ்சி வா."

நவ. 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூசை முடிந்து தெப்ராவ் போனேன். குணாவின் டயர் கடை ஞாயிறு மூடல். பின்பக்கம் வேன், நல்ல வெயிலில். உள்ளே ரப்பர் நாற்றம். இரண்டு பேரும் முன் சீட்டில், கதவு திறந்தபடி. குணாவுக்கு வயிறு இப்போது ஸ்டீயரிங் வரை.

"அலமாக், நம்ம சத்தமா இது?" என்றான். கேசட்டில் நாங்கள் மூன்று பேரும் சிரிக்கிறோம். குரல்கள் பிள்ளைகள் குரல் மாதிரி.

பாட்டு ஆரம்பித்தது. பல்லவி. அந்த இடம். கிட்டார் ஈ மைனரில் நிற்கிறது. பேஸ் கீழே இறங்குகிறது. குணாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கேட்டாயா என்பது போல.

உடனே கிட்டார் நின்றது. கேசட்டில் என் குரல்:

"சாரி சாரி. தப்பு. டி போகணும், மறந்துட்டேன்."

எட்வின் குரல்: "டேய் டேய், நிறுத்தாத! என்ன வாசிச்சே?"

"ஈ மைனர்லயே நின்னுட்டேன். மொதல்லேர்ந்து போலாம்."

"வேணாம். அதே தப்ப இன்னொரு தடவ பண்ணு."

"விளையாடாத, போட்டிக்கு நாள் இல்ல."

"பண்ணுடா சேவி. ஒரே ஒரு தடவ. நான் கீழ வரேன்."

அப்புறம் அது வந்தது. முழுதாக.

குணா சிரிக்கவில்லை. அதற்காக அவனை எப்போதும் நினைத்துக்கொள்வேன். பட்டனை அழுத்தி நிறுத்தினான்.

"ஒனக்கு ஞாபகம் இல்லியா?" என்றான்.

"ஒனக்கு?"

"எனக்கு எப்பவும் தெரியும் மச்சான். நீ வேற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்த. சரி போகட்டும்னு விட்டேன்."

"அவன் பேட்டியில பேர சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? தப்பா வாசிச்சது சேவியர்னா? சொல்லியிருந்தா நாடு பூரா தெரிஞ்சிருக்கும். ஒனக்கு அதுதான் வேணுமா?"

கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். சூடாக இருந்தது.

நவ. 10, திங்கள்

வேலைக்கு லீவு. தலைவலி என்று சொன்னேன், பொய்யில்லை.

முப்பது வருடம் யாரிடமெல்லாம் சொன்னேன்? ரெஜினாவிடம், பெண் பார்க்கப் போன அன்றே. மைத்துனர்களிடம். மேனேஜரிடம் ஒரு டின்னரில். ஆயர் ஈத்தாமில் பஸ் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லை.

வாசித்த கை என் கை. அது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்ட காது அவனுடையது. நான் தப்பு என்று நிறுத்தினேன். அவன் நிறுத்தாதே என்றான்.

அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. பஸ் ஏறினான். சொல்லவில்லை.

ரெஜினா: "கேசட்டுல என்ன இருந்துச்சு?"

"சரியா கேக்கல. பழசு."

நம்பவில்லை. தைலம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நவ. 12, புதன்

மழை. கணேசன் இரண்டு தடவை போன். "சார், மலர் அச்சுக்குப் போவுது. இந்த சனிக்கெழம கடைசி." கடைசிப் பாரா இன்னும் இல்லை. எழுதியிருந்த அரிவாளைக் கிழித்துப் போட்டேன்.

கிட்டாரை எடுத்தேன். விரல் நுனி பஞ்சு மாதிரி. பத்து நிமிடத்தில் எரிச்சல், விரலிலும் மனதிலும்.

யோசித்த வழிகள்:
1. ஒன்றும் சொல்லாமல் விடுவது. யாருக்கும் தெரியாது. குணா வாய் திறக்க மாட்டான். எட்வின் முப்பது வருடமாகத் திறக்கவில்லை.
2. 'என் யோசனை' என்றே எழுதுவது. அவன் மறுக்க மாட்டான். அதுதான் தாங்க முடியாதது.
3. காய்ச்சல்.

நவ. 15, சனி

பிராக்டிஸ். சாயங்காலம் 4, நகர மண்டபம். கட்டுரை பையில், கடைசிப் பாரா இல்லாமல். கணேசன் வாசலில் நின்று கையை நீட்டுகிறார். "முடிஞ்சதும் தரேன்" என்றேன்.

எட்வின். தலை முழுதும் நரை. அதே பேஸ், கைபடும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரிகிறது. கட்டிப்பிடித்தான். நான் கட்டிப்பிடிக்கவில்லை, விலகவும் இல்லை.

"கொஞ்சம் எளச்சிட்டடா."

"நீ கொஞ்சம் பேர் வாங்கிட்ட."

சிரித்தான். அவனுக்கு உறைக்காது, எப்போதும் அப்படித்தான்.

நேராகக் கேட்டேன். "ஏன் சொல்லாம போன?"

கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான். "பயந்துட்டேன் சேவி. நீ படிச்சவன். போகாதன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கிறது.  கிட்டாரை மாட்டிக்கொண்டேன். குணா குச்சியைத் தட்டி எண்ணினான்.

பெரட்டு. பல்லவி வரை ஒழுங்காகப் போனது. அந்த இடம் வந்தது. ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் கை டி-க்கு மாறிவிட்டது. பாட்டை முதலில் எழுதியபடி, சரியான இடத்துக்கு. முப்பது வருடத்தில் முதல் தடவை.

நான் நிறுத்துவதற்குள் பேஸ் கீழே பி-க்கு நழுவியது. வேறொரு சத்தம், இன்னும் சோகமாக, ஆனால் ஒத்துப்போனது. ஒளி போட வந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபடி எட்வின் பார்த்துக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"டேய் சேவி, இத்தன வருஷம் கழிச்சி இப்ப போயா சரியா வாசிக்கிற?"

குணா டிரம்ஸுக்குப் பின்னால் இருமுவது போல நடித்தான்.

"பழைய தப்பையே பண்ணு லா. ஊரே அதுக்குதான் வருது."

பண்ணினேன்.

அப்புறம் பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பாராவை எழுதினேன். பத்து நிமிடம் ஆகவில்லை. 'பல்லவியின் அந்த இடத்தில் கிட்டார் முதல் தடவை தப்பாக வாசிக்கப்பட்டது. வாசித்தவன் நான். தப்பு என்று நான் நிறுத்தினேன். நிறுத்தாதே என்று எட்வின் சொன்னான். ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது.'

அதன் கீழே இன்னும் ஒரு வரி: 'போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சொல்லாமல் பஸ் ஏறினான்.'

கணேசன் படித்துவிட்டு, "சார், இந்தக் கடைசி வரி வேணுமா?" என்றார்.

ஒரு எழுத்துகூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.