ஒட்டகம் சுமையைத் தொட மாட்டான்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலை வகுப்பில் டீச்சர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, தினமும் வெயில் அடித்தது, மழை பெய்தது, மாத்திரை போட்டேன்னே எழுதுறீங்க. வேற ஒண்ணுமே நடக்கலையா?" என்று கேட்டார். நடக்காமல் என்ன? எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது அந்த மூன்றும்தான். "சுத்தி இருக்கிறவங்க என்ன செய்றாங்கன்னு பார்த்து எழுதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது? எட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் மருமகள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சோபாவில் விழுந்து பழம் உடைக்கிறாள். ஒரே நிறத்துப் பழங்கள் சேர்ந்தால் டப்பென்று உடைந்து மறைகின்றன. உடனே மேலிருந்து வேறு பழங்கள் கொட்டுகின்றன. முடிவே இல்லை.

"இதை எதுக்கும்மா உடைக்கணும்?"

"நாள் பூரா ஊரார் வாயைப் பாத்துட்டு வரேன் மாமா. இதுக்கு வாயே இல்ல பாருங்க."

நியாயம்தான்.

மார்ச் 4, புதன்

என் மகன் லாரி ஓட்டுகிறான். ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், ராச்சாப்பாட்டுக்கு முன்னால் டிவியில் லாரி ஓட்டுகிறான். சுமை இல்லை, போய்ச் சேரவேண்டிய ஊரும் இல்லை. கண்ணாடியில் மழை விழும் சத்தம் பிடித்திருக்கிறதாம். நானும் கொஞ்ச நேரம் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

முடி வெட்டுகிறவர் பந்து ஆடுகிறார். என் கன்னத்தில் நுரையைப் பூசி, ஊறட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு ஆட்டம் ஆடினார். "என் முட்டி தேஞ்சு போச்சு பெரியவரே. இவன் முட்டியைப் பாருங்க" என்று திரைக்குள் ஓடுகிறவனைக் காட்டினார். அவர் மகனைக் காட்டுவது போலக் காட்டினார். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. பொறுத்துக்கொண்டேன். அப்போது ஆட்டம் சமநிலையில் இருந்தது.

டீச்சரையும் கேட்டுவிட்டேன். வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். தோட்டம் போடுகிறார். "நிஜச் செடி என் கையில பொழைக்கிறதில்ல ஐயா. இதுல தண்ணி ஊத்த மறந்தா அதுவே ஞாபகப்படுத்தும்."

இவ்வளவு நாள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் செய்வது போல இன்னொருவர் செய்யவில்லை.

மார்ச் 6, வெள்ளி

என் பழைய கூட்டாளி ஒட்டகத்தின் மகளுக்குப் போன் செய்தேன். "அப்படியேதான் இருக்கார் பெரியப்பா. ரூமை விட்டு வர்றதில்ல. சாப்பாடு தட்டுல போட்டு உள்ள கொண்டு வைக்கிறேன்" என்றாள்.

இதை எழுத எனக்கு வெகு நேரம் ஆகும். ஆனாலும் எழுதவேண்டும்.

துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டினேன். உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் என் இருக்கை, அதனால் எனக்கு மாடி என்று பெயர். கீழே நின்று எனக்குக் கை காட்டியவன் ஒட்டகம். கழுத்து நீளம். கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. விளிம்பில் நின்று உள்ளே பார்த்துச் சொல்கிற அவன்தான் எனக்குக் கண். வலது கையைத் தூக்கினால் ஏற்று. இடது கையைத் தூக்கினால் இறக்கு. இரண்டையும் தூக்கினால் நிறுத்து. காலி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டால் டீ. அதற்குப் பிறகு யார் கத்தினாலும் எங்கள் கிரேன் நகராது.

ஒருமுறை புதிதாக வந்த மேனேஜர், சும்மா நிற்கிறாயே, பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவிடு என்று அவனிடம் சொன்னார். "நான் பெட்டியைத் தொட்டா மேல இருக்கிறவன் யாரைப் பார்ப்பான் சார்?" என்றான். தொடவில்லை. ஒருநாளும் தொட்டதில்லை.

இப்போது வேறு ஊரில் மகளோடு இருக்கிறான். காது முழுதாகப் போய்விட்டது. காதில் வைக்கிற கருவியும் உதவவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று பார்த்தால், என் வாய் அசைந்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான். கடைசியாக நேரில் போனபோது சொன்னான்: "எல்லாரும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறீங்கடா. எனக்கு அலுத்துப் போச்சு. நீயும் வராத."

அவனுக்கு எழுதி அனுப்பலாம் என்றுதான் நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அ, ஆ எல்லாம் வந்து, கொம்பும் காலும் வந்து, ஒற்றும் வந்த பிறகுதான் உறைத்தது. அவனுக்கும் என்னைப் போலவே படிக்கத் தெரியாதே! மகள் படித்துச் சொன்னாலும் காதில் விழாதே!

டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தவித்தார். நான் முதலில் சிரித்துவிட்டேன். படிப்பை விடவில்லை. பஸ்ஸில் பின்னால் எழுதியிருப்பதை எல்லாம் படிக்கமுடிகிறதே, அதை எப்படி விடுவது?

மார்ச் 9, திங்கள்

மருமகள் இன்று பழம் உடைக்கவில்லை. வேறொரு ஊரில் இருக்கும் தங்கையோடு சேர்ந்து போனுக்குள் வீடு காலி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பொம்மை, தங்கைக்கு ஒரு பொம்மை. கட்டில், மேசை, பீரோ எல்லாவற்றையும் இரண்டும் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்ற வேண்டும். இவள் பொம்மை இழுத்தால் அவள் பொம்மை கதவில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் போனில் ஒரே சண்டை.

"அறிவிருக்கா உனக்கு, வலப்பக்கம் திருப்புடி."

நான் பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டையான, உருண்டையான பொம்மைகள். இரண்டு கைகளையும் தனித்தனியாகத் தூக்குகின்றன. கண் இருக்கிறது. வாய் கிடையாது.

வாய் கிடையாது!

"அம்மாடி, இதை ஒட்டகத்தோட நான் ஆட முடியுமா?"

"முடியும் மாமா. ஆனா நீங்க சண்டை போடக் கூடாது."

மார்ச் 10, செவ்வாய்

என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொன்னது. நானே எழுத்தைத் தேடித் தேடி 'மாடி' என்று அழுத்தினேன். என் பொம்மையின் தலைக்கு மேல் என் கையெழுத்து. கையெழுத்து இல்லைதான், ஆனாலும் நான் எழுதியது. எங்கே போனாலும் அது கூடவே வருகிறது. நாள் முழுக்க அதை அறைக்குள் சும்மா நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒட்டகத்தின் மகள் அவன் போனில் ஏற்றிவிட்டாள். அவனுடைய மஞ்சள் பொம்மைக்குப் பெயர் வைக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்று ஆடினோம்.

ஆடினோம் என்று சொல்ல முடியாது. நான் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மறுபக்கத்தை அவன் பிடித்தால்தான் அது நகரும். அவன் தள்ளிப் போய் நிற்கிறான். கையைத் தூக்குகிறான், இறக்குகிறான். கிட்டே வரவே இல்லை. ஒரு பீரோவும் வெளியே போகவில்லை. நேரம் முடிந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு எந்தப் பொத்தான் எதுக்குன்னு தெரியல மாமா. பழகிடும்."

மார்ச் 14, சனி

இன்றும் அதே கதைதான். நடுவில் நானே அவன் பொம்மையின் பின்னால் போய்ப் பீரோ பக்கம் முட்டித் தள்ளினேன். விலகி ஓடிப் போய் மறுபடி தூரத்தில் நின்றுகொண்டான். பிறகு அவன் பொம்மை காணாமல் போய்விட்டது.

மகள் போன் செய்தாள். "போனைக் கட்டில்ல வீசிட்டார் பெரியப்பா. 'மாடிக்கு வேலை மறந்து போச்சு'ன்னார். இனிமே வேணாம்னு கையைக் காட்டிட்டார். நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு வேலை மறந்துவிட்டதாம். யாருக்குடா மறந்துச்சு? நீதானே சும்மா நின்ன?

மார்ச் 15, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. வெயில் அடித்தது.

மார்ச் 17, செவ்வாய்

வகுப்பில் டீச்சர், "விளையாட்டு என்னாச்சு ஐயா?" என்றார். ஊத்திக்கிச்சு என்றேன். "எப்படி ஊத்திக்கிச்சுன்னு எழுதுங்க. நடந்ததை நடந்த வரிசையில எழுதுங்க, கோபத்தை எழுதாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் பீரோவைப் பிடித்தேன். ஒட்டகம் வாசற்படியில் போய் நின்றான். என் பக்கம் திரும்பினான். வலது கையைத் தூக்கினான். நான் அவனை வா வா என்று கூப்பிடுவதற்காகக் குதித்தேன். அவன் மறுபடி வலது கையைத் தூக்கினான். நான் தனியாக இழுத்தேன். பீரோ சாய்ந்து சுவரில் இடித்தது. அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். நான் நிறுத்தவில்லை.

நான் நிறுத்தவில்லை.

ஏன் இப்படி எழுதினேன்? யார் என்னை நிறுத்தச் சொன்னது?

அடப் பாவி. அவன் சும்மா நிற்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தான்! முதல் நொடியிலிருந்து எனக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறான். நான் சுமையைத் தொடச் சொல்லி அவனை முட்டித் தள்ளியிருக்கிறேன். அந்த மேனேஜரைப் போல!

சொன்னது சரிதான். எனக்குத்தான் வேலை மறந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "அம்மாடி, இந்த ஆட்டத்துல ரெண்டு பேரும் தூக்காம, ஒருத்தன் தூக்கி ஒருத்தன் நின்னு பாக்குற மாதிரி எதாவது இருக்கா?"

"கடைசிப் பக்கம் ஒண்ணு இருக்கு மாமா. கிரேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கூரை இல்லாத ஒரு வீட்டுக்குள் கிரேனால் பியானோவை இறக்க வேண்டுமாம். கிரேனில் இருக்கிறவனுக்கு மதிலுக்கு அந்தப்புறம் தெரியாது. மதில் மேல் நிற்கிற பொம்மைக்குத் தெரியும். "நானும் தங்கச்சியும் அங்கதான் சண்டை போட்டுப் பாதியில விட்டோம்" என்றாள். அந்த ஆட்டத்தை என் போனுக்கு எப்படியோ திறந்து கொடுத்தாள்.

இப்போது ஒட்டகத்தை எப்படி வரவைப்பது? எழுதினால் படிக்கமாட்டான். சொன்னால் காதில் விழாது. அவன் மகளிடம் சொன்னேன்: "போன்ல அந்தக் கிரேனை மட்டும் காட்டு. நீ வாயைத் திறக்காத."

மார்ச் 20, வெள்ளி

வந்தான்.

மஞ்சள் பொம்மை மதிலடியில் வெகுநேரம் நின்றது. அண்ணாந்து கிரேனைப் பார்த்தது. கூண்டில் நான் இருக்கிறேன், தலைக்கு மேல் 'மாடி' என்று எழுதியிருக்கிறது. அதை அவன் படித்திருக்க முடியாது. ஆனால் கூண்டில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

ஏணியில் ஏறி மதில் விளிம்புக்குப் போனான். உள்ளே எட்டிப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினான்.

ஏற்றினேன்.

விரல் சொன்னபடி கேட்கவில்லை. அந்தக் கண்ணாடிப் பரப்பில் எங்கே தொட்டால் எவ்வளவு நகரும் என்பது இன்னும் பிடிபடவில்லை. இடது கை. இறக்கினேன். இரண்டு கை. நிறுத்தினேன்—நிறுத்தியதாகத்தான் நினைத்தேன். பியானோ ஊஞ்சல் போல ஆடி, மதிலைத் தாண்டி, பக்கத்துக் குளத்தில் போய் விழுந்தது.

மஞ்சள் பொம்மை விளிம்பில் நின்று குளத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி குளத்தைப் பார்த்தது. துறைமுகத்தில் இப்படி நான் சொதப்பும்போதெல்லாம் அவன் பார்க்கிற அதே பார்வை. வாய் இல்லாவிட்டாலும் அவன் திட்டியது எனக்கு ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது.

நானே கூண்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மகன் லாரியை நிறுத்திவிட்டு வந்து, "என்னப்பா ஆச்சு?" என்றான். "பியானோ குளத்துல விழுந்துடுச்சு" என்றேன். "சரிப்பா" என்று போய்விட்டான்.

ஒட்டகம் போகவில்லை. ஏணியில் இறங்கி, புதுப் பியானோ இருக்கிற இடத்துக்குப் போய் நின்று, வலது கையைத் தூக்கினான்.

மார்ச் 21, சனி

நான்கு பியானோ. எல்லாம் குளத்தில்.

மார்ச் 22, ஞாயிறு

முடி வெட்டுகிறவர் இன்று என்னைக் கேட்டார்: "பெரியவரே, எல்லாரையும் கேட்டீங்களே, நீங்க என்ன ஆடுறீங்க?" கிரேன் ஓட்டுகிறேன் என்றேன். "அதைத்தானே வாழ்நாள் பூரா செஞ்சீங்க" என்றார். "உங்க முட்டி மாதிரிதான்" என்றேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் ஆடினோம். இன்று விரல் சொன்னபடி கேட்டது. ஏற்று, ஏற்று, கொஞ்சம் நிறுத்து, இறக்கு. பியானோ மதிலைத் தாண்டியது. எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. விளிம்பில் நிற்கிற மஞ்சள் பொம்மையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை. இடது கை. பியானோ வீட்டுக்குள் பாதி இறங்கியிருக்கும். மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மருமகள் பின்னால் நின்று, "மாமா, இன்னும் கொஞ்சம்தான், இறக்குங்க, இறக்குங்க" என்றாள்.

மஞ்சள் பொம்மை இரண்டு கைகளையும் தூக்கியது. நிறுத்தினேன்.

பிறகு அது மதில் மேல் உட்கார்ந்துவிட்டது.

"என்ன மாமா, உட்கார்ந்துட்டார்? பொத்தானை மாத்தி அழுத்திட்டாரா?"

"இல்லம்மா."

உட்காரும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காட்டினாள். அழுத்தினேன். கூண்டில் என் பொம்மையும் உட்கார்ந்தது. பியானோ அந்தரத்தில் தொங்கியது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

திரையில் எழுத்துகள் வந்தன. எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தேன்: நேரம் முடிந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

போனில் ஒட்டகத்தின் மகளிடமிருந்து செய்தி வந்தது. அதையும் நானே படித்தேன். 'பெரியப்பா, அப்பா ரூம் கதவைத் திறந்துக்கிட்டு வந்து கூடத்துல உட்கார்ந்திருக்கார். போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கார். என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?'

மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன்.

'டீ குடிக்கிறோம். அவனுக்கும் ஒன்று கொடு.'