வயிற்றுவலி என்று நான் எழுதிய மூன்று பேர்

இன்று காலை வீட்டுக்காரிக்கு வயிறு சரியில்லை. ஓமத்திரவம் ஊற்றினேன். அந்த வாசனையில் நினைப்பு எங்கேயோ போய்ப் பாதியைக் கீழே கொட்டிவிட்டேன். “வயித்துவலி எனுக்கா உனுக்கா?” என்று சிரிக்கிறாள். அந்தச் சொல்லை நான் யார் யாருக்கு எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும், டாக்டரம்மா. நீங்கள் காலமானதாக உங்கள் தங்கை திருப்பதியிலிருந்து போட்ட கார்டு வந்து எட்டு நாள் ஆகிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

எல்லை பிரித்து எங்கள் சத்தியவேடு பக்கத்தை ஆந்திராவோடு சேர்த்த புதிது. நான் கிராம முன்சீப். தமிழில் இருந்த இறப்புப் பதிவேட்டைத் தெலுங்கில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். தற்கொலை பற்றி மனோதத்துவ ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். ஊரே ‘டாக்டரம்மா’ என்றது. “நான் ஊசி போடற டாக்டர் இல்லை, காது குடுத்துக் கேக்கற ஆளு” என்றீர்கள். எங்கள் ஊரில் தற்கொலை ஒன்றுகூடக் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த வாயை என்ன செய்வது?

நீங்கள் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தீர்கள். சில பக்கம் தள்ளி இன்னொரு விரல். அப்புறம் இன்னொன்று.

“மூணு பேரும் சின்னப் பொண்ணுங்க. மூணு பேருக்கும் வயித்துவலி. மூணு பேரும் ஒரே வீட்டு மருமகளுங்க. முன்சீப் சார், இதை எழுதினது யாரு?”

நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த மூன்றையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை. முதல் பெண் தானே உயிரை விட்டவள், அவள் அப்பன் என் காலில் விழுந்தான். “போலீசு வந்தா பொணத்த அறுத்துடுவாங்க சாமி, சின்னவள யாரு கட்டிக்கினு போவாங்க?” மனசு இளகி எழுதினேன். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கு நேரில் போகக்கூட இல்லை, தலையாரி சொன்னதை எழுதினேன். அட பாவி, நல்லது செய்வதாக அல்லவா நினைத்திருந்தேன்!

நீங்கள் திட்டவில்லை. “இப்போ அந்த வீட்ல மருமக யாராவது இருக்காளா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

இருந்தாள். வரதய்யபாளையத்துப் பெண், கல்யாணமாகி ஏழு மாதம். அந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

வெயிலோடு ஓடினோம். கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு, நேராகக் கேட்டீர்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையா கேட்பார்கள்? இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுகிறீர்களே என்று அப்படி ஒரு கோபம்.

சோறு துன்னியா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவள் சொன்னாள்: “ஆமாக்கா, தெனமும் தோணிக்கினுதான் கீது.” பிறகுதான் அழுதாள். பொழுது சாய்வதற்குள் அவள் அப்பனை வரவழைத்தோம். மாமனார் குதித்த குதி கொஞ்சமல்ல. நான் குறுக்கே நின்றேன், அவள் வண்டி ஏறினாள். இன்றைக்கும் வரதய்யபாளையத்தில் கடை வைத்துப் பிழைக்கிறாள்.

“கேட்டதால யாரும் சாகமாட்டாங்க சார்” என்றீர்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது. “மொதல்லியே உண்மைய எழுதியிருந்தா மத்த ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்களாம்மா?” என்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்களா என்று தவித்தேன். “பொழச்சிருக்கலாம்” என்றீர்கள். அதற்காக எத்தனையோ வருஷம் உங்களைக் கரித்துக்கொட்டினேன். மன்னித்துவிடுங்கள்.

போன மாதம் என் மகன் வேலை போய் ஊருக்கு வந்தான். நாலு நாளாக யாரோடும் பேச்சில்லை. பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்க நாக்கு எழவில்லை. அப்படியும் கேட்டுவிட்டேன்.

“ஆமா நைனா” என்றான்.

நான் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இப்போது வாராவாரம் இரண்டு பேரும் திருப்பதிக்கு டாக்டரிடம் போய்வருகிறோம். இதை உங்களுக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதற்குள் கார்டு வந்துவிட்டது. மகராசி, அவன் இப்போது உள்ளே, குழம்பில் உப்பில்லை என்று அவன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான்.