காசநோய் இல்லை என்பதையும் சொல்லுங்கள்

அனுப்புநர்:
ம. சவிரிமுத்து,
லாசால், மொன்றியல்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவு,
மொன்றியல்.

விடயம்: சந்தேகம் அறிவிக்கப்பட்ட ஆட்களுக்கே முடிவையும் அறிவிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. விஞ்ஞானத்தில் நான் ஒருமுறையும் சித்தியடையாதவன், பிழையிருந்தால் பொறுத்தருளவும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை மகன் றொக்சன் இணைத்திருக்கிறான். அதில் கோபத்தைக் குறைத்துவிட்டான். தமிழில் இருப்பதே சரி.

2. மாசியில் இருமலோடு வைத்தியசாலைக்குப் போனேன். சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, காசநோய்க் கிருமி போலிருக்கிறது என்றார்கள். அந்தப் பார்வையில் கிருமியின் குடும்பம்தான் தெரியுமாம். அண்ணனா தம்பியா என்று பிரித்தறிய மரபணுப் பரிசோதனை வேண்டுமாம். அதன் முடிவு வரமுன்னரே உங்கள் பிரிவு என்னை வீட்டில் இருத்திவிட்டு, பழகியவர்களின் பெயர்களைக் கேட்டது.

3. நானும் கலியாணத்துக்கு அழைப்புச் சொல்வதுபோல ஒருவரையும் விடாமல் சொன்னேன்: கோயில் பாடகர் குழு முழுவதும், டொலார்ட் பகுதியில் இருக்கும் என் சம்பந்தி வீட்டாரும். நீங்கள் என் பெயரை வெளியிடவில்லை, நன்றி. ஆனால் குழுவில் எல்லாருக்கும் உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி வந்து, ஒருவன் மட்டும் பாட வராதிருந்தால், அவன் யாரென்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை.

4. பிந்தி வந்த முடிவு, காசநோய் இல்லை என்றது. இது அதன் உறவுக்கார இனம், கன்சாசி என்று பெயர். குழாய்த் தண்ணீரில் இருப்பது, ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாதது. இதை எனக்கு மட்டும் அறிவித்தீர்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் எனக்கு இன்றும் எவரும் கை தருவதில்லை. தூர நின்று கும்பிடுகிறார்கள். உயிரோடிருக்கையிலேயே பீடத்தில் வைத்த சொரூபமாகிவிட்டேன்.

5. சம்பந்தி வீட்டில் இருக்கும் மகள் அஞ்சலீனாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. நான் இன்னும் தூக்கவில்லை. முடிவைக் கொண்டுபோய்க் காட்டினேன். சம்பந்தியம்மா, "அண்ணை, நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு ஆர் சொன்னது? காசநோய் வருத்தம் எண்டு கவுண்மேந்துதான் கோல் எடுத்தது. இல்லையெண்டும் அவையே எடுக்கட்டும்" என்றார்.

6. உங்கள் அலுவலகத்தைக் கேட்டால், என் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் இடங்கொடாது என்கிறார்கள். காக்கும்படியாக என்னிடம் அந்தரங்கம் எதுவும் மிச்சமில்லை, ஐயா. என் பெயரைச் சொல்ல இதனால் முழுச் சம்மதம் தருகிறேன்.

ஆகவே, முன்பு அழைத்த அதே ஆட்களை, அதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மீண்டும் அழைத்து உண்மையைச் சொல்லும்படி பணிவாகக் கேட்கிறேன். முதல் அழைப்பு சம்பந்தி வீட்டுக்குப் போகட்டும். இம்மாதக் கடைசி ஞாயிறு பேத்திக்கு ஞானஸ்நானம். எனக்குக் கோயிலில் எல்லாருக்கும் பின்னால், கடைசி வாங்கில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
உங்கள் தொலைபேசிக்காகக் காத்திருக்கும்,
ம. சவிரிமுத்து (ஒப்பம்)

இடம்: லாசால்
திகதி: 12 வைகாசி 2025