கூரை போடும்வரை வீடு என்னுடையது

என் கண்ணே யாரிட்ஸா,

போனை எடுத்ததும் முதலில் ஆசீர்வாதம் கேட்பாய், நான் கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்பேன், அதற்குப் பிறகுதானே நம் பேச்சே தொடங்கும். இது கடிதம், நீ கேட்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது, அதனால் கேட்காமலே கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்றால், உன் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, மற்றபடி ஒன்றுமில்லை. மலையில் இப்போதுதான் பச்சை துளிர்க்கிறது. புயலுக்கு மறுநாள் ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லை, யாரோ மலைக்கே தீ வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மின்சாரம் இன்னும் இல்லை. ஒஹையோவிலிருந்து வந்த கம்பி ஆட்கள் பாலம் வரைக்கும் கம்பம் நட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ப்ரோவி தினமும் சோறும் பயறும் சமைத்து அவர்களுக்குக் கொண்டுபோகிறாள். நம் தெருவுக்கு முதலில் விளக்கு வரவேண்டுமாம், என்ன சாமர்த்தியம் பார்.

போனில் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாலத்து வளைவில் மட்டும்தான் போனுக்கு உயிர் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே அங்கே கூடிவிடுகிறது, உன் அப்பாவும் என் தோளை உரசிக்கொண்டே நிற்கிறார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? மத்திய அரசின் உதவி நமக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார், பாவம், சேறெல்லாம் மிதித்து ஏறி வந்திருந்தார். அவருக்குக் காபி போட நான் உள்ளே போன நேரத்தில்தான் இந்த வீடு யாருடையது என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பொண்ணோடது" என்றாராம். பொண்ணு எங்கே என்றால் ஒர்லாண்டோவாம். நான் காபியோடு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் கூரைக்கு உதவியாம். ப்ரோவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கத்தினாள், "ஏன்யா எலாடியோ, என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிப்போயிடுமா?" அதற்கு இவர், "அவ கல்யாணத்துக்குப் பன்னி வாட்டின அன்னிக்கு ஊருக்கு முன்னால குடுத்தேன். நீயும்தானே தின்னே?" என்றார். உனக்கு நினைவிருக்கிறதா, உன் கல்யாணத்தன்று முற்றத்தில் எல்லோரும் பார்க்க அவர் சாவியை உன் கையில் வைத்ததை? பத்திரம் ஏது, இந்த மலையில் யார் வீட்டுக்குத்தான் பத்திரம் இருக்கிறது? உன் தாத்தா இவருக்கு நிலத்தைக் கொடுத்ததும் வெட்டுக்கத்தியை நீட்டி, அந்த ஓடைவரை உனக்கு என்று சொல்லித்தான்.

கூரை இருந்த இடத்தில் இப்போது நீலத் தார்ப்பாய். நியூயார்க்கிலிருந்து உதவிக்கு வந்த சிப்பாய்கள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் தார்ப்பாய் தார்ப்பாய்தானே. காற்றடித்தால் ராத்திரி முழுக்கப் படபடக்கிறது, மழை வந்தால் ஓரமெல்லாம் ஒழுகுகிறது. மெத்தை காயவே மாட்டேன் என்கிறது, அந்த ஈரம்தான் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

அந்தச் சிப்பாய்களில் ரென்டாஸ் என்று ஒருவன், தாய் தகப்பன் நம் தீவில் யாவ்கோ பக்கத்து ஆட்கள். அவன்தான் சொன்னான், "பத்திரமெல்லாம் வேணாம்மா, இது எங்க வீடு, நாங்கதான் குடியிருக்கோம்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு மறுபடி கேளுங்க, குடுப்பாங்க." மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறதாம். உன் அப்பா கேட்பாரா? குடுத்ததைத் திருப்பி வாங்குறவன் மனுஷனா என்று ஆரம்பித்துவிட்டார். வெறும் வீம்பு என்றுதான் நினைத்தேன், இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. பிறகு ரென்டாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தார்ப்பாய் கட்டும்போது இவர் தன்னிடம் சொன்னதைச் சொன்னான். "வீடு இருக்குன்னுதான் தம்பி அவ என்னிக்காவது வருவா. அதையும் நான் வாங்கிக்கிட்டா, எதுக்கு வருவா?" இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

இந்தக் கடிதத்தை ரென்டாஸிடமே கொடுத்தனுப்புகிறேன், நியூயார்க் திரும்பியதும் தபாலில் போடுகிறேன் என்றிருக்கிறான். கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதலில் அப்பாவிடம் ஆசீர்வாதம் கேள், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்புறம் போனை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைக்கிறேன். நீ உரக்கச் சொல்ல வேண்டும், "அம்மா, என் வீட்டை உனக்குக் குடுத்துட்டேன்" என்று. அவருக்கு இல்லை, எனக்கு. அவர் எதையும் திருப்பி வாங்கவில்லை பார். உன் வீடு, நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தினமும் சொல்கிறவரே அவர்தான். ஊரும் கேட்டிருக்கும், ப்ரோவியைப் போல சாட்சி உலகத்தில் கிடையாது. மறுநாளே நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுவிடுவேன், அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது.

குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. டப்பா சாப்பாட்டை அனுப்பாதே, சிப்பாய்கள் கொடுத்ததே தின்று முடியவில்லை. அனுப்பினால் நல்ல காபித்தூள் அனுப்பு. காபிச் செடி எல்லாம் படுத்துவிட்டது, எழுந்து காய்க்க வருஷங்கள் ஆகும். கடவுளும் கன்னி மரியாவும் உன்னோடு இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. கூரை ஏறின அன்றே வீட்டை உனக்கே திருப்பிக் கொடுப்பேன், ஊருக்கு முன்னால்தான். ஆனால் நான் உன் அப்பாவைப் போல இளகினவள் இல்லை, நீ கொடுப்பது போலப் போனில் எல்லாம் கொடுக்க மாட்டேன். சாவியைக் கையில்தான் வைப்பேன். நீ வந்து கையை நீட்ட வேண்டும்.

உன் அம்மா,
ஒப்துலியா
(தற்காலிகமாக இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி ஆகப்போகிறவள்)