அமுக்கி அளந்த அரைக் கப்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை பொய் எழுத மாட்டேன் என்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம், குணமாகி அல்ல, இனி அங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதால்.

பன்னிரண்டு நாளாய் நீ போனை எடுக்கவில்லை. நீ எழுதி அனுப்பின அளவால்தான் தன் அண்ணன் படுத்துவிட்டார் என்று உன் அத்தை உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாளாம், அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அவர் இதயத்துக்கு உப்பு ஆகாது, உப்பு நிறைந்த சீஸ் ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் கூடாது என்றார் டாக்டர், நம் சீஸ் கடையை விற்றபோது தராசும் அதோடு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன், நீ அதைத் துருவிய சீஸ் அரைக் கப் என்று மாற்றி எழுதினாய். தளரப் போட வேண்டும் என்று அடிக்கோடும் போட்டிருந்தாய். அந்தக் கோட்டை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

முப்பது வருஷம் துருவிய சீஸைக் கப்பால் அளந்து விற்றவள் நான். உயரத்திலிருந்து பூப்போல உதிரவிட்டால் கப் சீக்கிரம் நிரம்பும், தட்டக்கூடாது, அமுக்கக்கூடாது, வாங்க வந்தவரைத் தொடவிடவும் கூடாது. தளரப் போட்டதற்கும் அமுக்கிப் போட்டதற்கும் எடையில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும், அது என்னைவிட யாருக்குத் தெரியும். அதே கைதான் அவருக்கு என்றதும் விரலால் அமுக்கி, மேலே குவித்தும் வைத்தது. வேறெதுவும் தொண்டையில் இறங்காத மனுஷன், உருளைக்கிழங்கை மசித்து இதைச் சேர்த்தால் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். தளர அளந்தால் என் புருஷனையே ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. ஐந்து வாரம் இப்படியே போயிற்று, கால் வீங்கியபோதுகூட மாடிப்படி ஏறியதால் என்று நினைத்துக்கொண்டேன், மூச்சு திணறின பிறகுதான் புத்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லிவிட்டேன். "ஊருக்கெல்லாம் காத்தை அளந்து போட்டே, எனக்கு மட்டும் ஏண்டி அமுக்கி அளந்தே?" என்றார். சிரிக்கப் போய் அது இருமலாகிவிட்டது. உன் அத்தையிடமும் சொல்லியாயிற்று, இனி திட்டுவதென்றால் என்னைத் திட்டட்டும்.

நேற்று புதுத் தராசு வாங்கினேன். ஐம்பது கிராம் நிறுத்து, நீ எழுதினபடி தளர உதிர்த்தேன், சரியாக அரைக் கப் கோட்டில் வந்து நின்றது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், போன் போட்டுச் சொல் என்றார். போட்டேன், நீ எடுக்கவில்லை. அதைச் சேர்த்து மசித்துக் கொடுத்ததில் இரண்டு கரண்டி சாப்பிட்டார், போதும் என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அப்பாவுக்கு மிச்சமுள்ள நாளை டாக்டர் வாரக்கணக்கில்தான் சொல்கிறார். லீவு கிடைத்தால் வருகிறேன் என்று பதில் எழுதாதே, கிளம்பி வா. இதைப் படித்து என் மேல் வருகிற கோபத்தை வந்து காட்டு, பிள்ளைகளிடம் காட்டாதே. உன் வீடு நல்லபடி இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. அதற்குள் மறக்காமல் போனை எடு, அப்பா குரல் நாளுக்கு நாள் தேய்கிறது.

இப்படிக்கு,
உன் அளவில் பிழையில்லை என்று கையெழுத்துப் போடும்
அம்மா